தழும்பில்லாத மரங்கள்

மகனே,

கடலுக்கு அப்பால் சபா மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறாய் என்று நீ தொலைபேசியில் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நிமிடம்தான் பேசினோம். வைத்த பிறகுதான் வாழ்த்துகூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது. திரும்ப அழைக்க எண்ணைச் சுழற்றினேன். நான்காவது இலக்கத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும் என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போல, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. ஒரு பழைய அட்டைப்பெட்டி எப்படிப் புதியதாகிறது என்பதும், அதற்கு ஏன் மரமும் வேண்டியிருக்கிறது என்பதும்.
2. மரத்தைப் பார்க்காமல் மரத்தைப் பற்றிக் கையெழுத்துப் போடாதே என்பது.
3. எங்கள் அட்டை ஆலையில் வேலை செய்த பாக்கியம் என்னிடம் ஒரு முறை சொன்னார் என்பதும், சொன்னதாக ஞாபகமில்லை என்று நான் சொல்லிவிட்டேன் என்பதும்.
4. வீட்டைப் பற்றிச் சில விவரங்கள்.

இதன் படி ஒன்றை ஞாயிறு மலருக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். மூன்றாவது விஷயம் ஆலையில் பலர் முன்னிலையில் நடந்தது. அதை நம் வீட்டுக்குள் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. ஆலையின் பெயரை எழுதவில்லை. நான் எழுதுவது என் குறையைப் பற்றி.

முதல் விஷயத்தில் உனக்குத் தெரிந்ததையே நான் சொல்லக்கூடும், பொறுத்துக்கொள். உன் தாத்தா ரயில்வே குமாஸ்தா. பெரியப்பாக்கள் இருவரும் அரசாங்க உத்தியோகம். இரசாயனம் படித்த நான் மட்டும் நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் இரண்டு முறை திரும்பி வந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு அட்டை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்துபோய் ரயில் பிடித்தால் எட்டு மணிக்குள் ஆலை வாசல். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கடைக்காரர்கள் வீசுகிற பெட்டிகளெல்லாம் எங்களிடம்தான் வரும். பெண்கள் அவற்றைத் தரம் பிரிப்பார்கள். மெழுகு பூசிய மீன் பெட்டி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒட்டியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். நல்லதைப் பெரிய தொட்டியில் தண்ணீரோடு கடைந்தால் கஞ்சி மாதிரி ஆகும். அதைச் சலித்து, வலைமேல் பரப்பி, உருளைகளில் பிழிந்து காய வைத்தால் மீண்டும் அட்டை. இந்த வாரம் சோப்பு ஏற்றி வந்த பெட்டி அடுத்த மாதம் பிஸ்கட் ஏற்றிப் போகும். பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்காத வேலை அது.

அங்கே நான் பட்ட முதல் சங்கடம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். நம் வீட்டில் காகிதம் என்றால் சரஸ்வதி. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உன்னையும் அப்படித்தான் வளர்த்தோம். ஆலையிலோ தரையே காகிதம். முதல் வாரம், தரம் பிரிக்கும் கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் நான் குனிந்து குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனேன். கொட்டகையின் நடுவில் நின்ற ஒரு பெண் கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இப்படி ஒத்திக்கிட்டே போனா அந்தப் பக்கம் போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும் லா. மொத்தமா ஒரு கும்பிடு போட்டுட்டு நடங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் பாக்கியம். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினைந்து வருடம் ரப்பர் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிவிட்டு, தோட்டம் கைமாறியபோது ஆலைக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னபடி மறுநாள் முதல் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். ஆனால் காகிதத்தின் மேலிருந்த அந்தப் பயபக்தி எனக்குள் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. தரையில் கிடந்ததை மிதிக்கப் பழகினேன். மேசைக்கு முத்திரையோடு வந்ததைச் சந்தேகிக்க மட்டும் நான் பழகவே இல்லை. பெரியப்பாக்களும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். மனிதன் வாயால் சொல்வது பேச்சு, எழுதிக் கையெழுத்திட்டதுதான் உண்மை என்று நம்பிப் பிழைத்த குடும்பம் நம்முடையது.

இனி மரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை கடையும்போதும் காகிதத்தின் இழை கொஞ்சம் அறுபட்டுக் குறுகிப்போகிறது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அதற்குப் பிடிப்பே இராது. பெட்டி அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும். அதனால் புது இழை கொஞ்சம் சேர்த்தே ஆக வேண்டும். பழைய பெட்டிகளைச் சேகரித்தால் மட்டும் காடு பிழைத்துவிடும் என்று உன் வயதுக்காரர்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பாதி வேலை. அந்தக் கொஞ்சம் புது இழை எந்த மரத்திலிருந்து வந்தது, அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று கேட்பது மறுபாதி. உன் புது உத்தியோகம் அந்த மறுபாதிதான் என்று புரிந்துகொள்கிறேன். நீ ஒரு காட்டுக்குள் போய்ப் பார்த்து, இங்கே முறையாக வெட்டுகிறார்கள், வெட்டிய இடத்தில் மறுபடி வளர விடுகிறார்கள் என்று எழுதிக்கொடுப்பாய். அதை நம்பி எங்கோ ஒருவர் மரமோ பெட்டியோ வாங்குவார்.

எங்கள் ஆலை புது இழைக்கு ரப்பர் மரத்தை எடுத்துக்கொண்டது. பால் வற்றிய கிழட்டு மரங்களைத் தோட்டங்களில் எப்படியும் வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். அந்தக் கட்டைகள் லோரியில் வந்து பின்புற யார்டில் இறங்கும். சீவல்களாக்கி வேகவைத்துக் கூழாக்குவார்கள். பழைய பெட்டியும் கிழட்டு ரப்பரும், ஒரு காட்டு மரத்துக்கும் சேதமில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வெளிநாட்டில் பெட்டி வாங்குகிறவர்கள் இதை எழுத்தில் கேட்க ஆரம்பித்தபோது, எண்பதுகளின் கடைசியில், அந்த உறுதிமொழியின் வாசகத்தை எழுதியவனே நான்தான். ஒவ்வொரு மாதமும் அதன் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

என் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு லோரியோடும் மரம் அனுப்புகிறவரின் கடிதம் வரும்: மறுநடவுக்காக வெட்டப்பட்ட ரப்பர் மரங்கள், இன்ன தோட்டம், முத்திரை, கையெழுத்து. லோரி எண்ணும் கடிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பேன். தோட்டத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பச்சை மையில் ஒரு சரி போட்டுக் கோப்பில் வைப்பேன். ஒரு கடிதம்கூட என் கையில் தவறியதில்லை. யார்டுக்கு மட்டும் போவதில்லை. என் மேசையிலிருந்து பத்து நிமிட நடை. லோரிகள் பின்னால் வரும்போது எனக்குப் பயம். அதைவிட அங்கே கட்டை இறக்குகிறவர்களிடம் பயம். ஒரே ஒரு தடவை போயிருந்தபோது, "லேப் சார் வந்துட்டாரு, ஒதுங்கு ஒதுங்கு, சட்டையில அழுக்குப் படும்" என்று ஒருவர் கத்த, மற்றவர்கள் இருபக்கமும் வரிசையாக நின்று சலாம் வைத்தார்கள். வேடிக்கைக்குத்தான். நான் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

பாக்கியம் என்னிடம் வந்தது ஒரு மதிய உணவு நேரத்தில். நான் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன்.

"சார், ஒரு விஷயம். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"பின்னாடி இறக்குறாங்களே, அது பால்மரம் இல்ல சார்."

"ரப்பர்தான். கடிதம் இருக்கு."

"கடிதத்துல இருக்கும். கட்டையில இல்லியே. பால்மரம்னா உடம்புல கத்தி பட்ட தழும்பு இருக்கும். பதினஞ்சு வருஷம் வெட்டினவ நான், எனக்குத் தெரியாதா? ஒரு லோரி முழுக்கத் தேடிட்டேன், ஒரு கட்டையிலகூட கோடு இல்ல. உள்ள செவப்பா வேற இருக்கு. இது காட்டு மரம் சார்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பை எடுத்து அந்த வாரக் கடிதத்தைக் காட்டினேன். முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"முத்திரை நல்லா ரவுண்டா இருக்கு சார்," என்றார். போய்விட்டார்.

திருப்தியடைந்துதான் போகிறார் என்று நினைத்தேன். இதைத்தான் மேலே ஒரு முறை சொன்னார் என்று குறித்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில், போகிற போக்கில் ஒரு முறை. எனக்குச் சாதகமாகச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ஒரு முறை சொன்னதை மனிதன் மறக்கலாம்.

சில வாரங்கள் கழித்து, வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஆலையைப் பார்க்க வந்தார். யார்டு வழியாக நடந்தபோது, அவருக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கட்டைகளைக் காட்டி, "கெத்தா?" என்று கேட்டிருக்கிறார். ரப்பரா என்று. மேனேஜர் தலையாட்டுவதற்குள், பக்கத்தில் அட்டைக் கட்டு ஒன்றை உருட்டிக்கொண்டு போன பாக்கியம் நின்று, "புக்கான் கெத்தா, துவான். காயு ஹூத்தான்," என்றாராம். ரப்பர் இல்லை ஐயா, காட்டு மரம். கேட்டார், சொன்னார். அவ்வளவே.

அன்று பிற்பகல் கொட்டகையில் வேலையை நிறுத்தி எல்லாரையும் கூட்டினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் முகம் சிவந்திருந்தது.

"வெளிநாட்டுக்காரன் முன்னாடி மானத்த வாங்கிட்டீங்களே அக்கா. சந்தேகம்னா உள்ள சொல்லணும் லா. வெளியாள்கிட்டயா சொல்றது?"

"உள்ள சொன்னேன் பாஸ். லேப் சார்கிட்ட சொன்னேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், சொன்னாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்ததை நான் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். சொன்னார் என்றால், தெரிந்தும் கையெழுத்துப் போட்டவன் நான். சொல்லவில்லை என்றால், ஆலையைக் காட்டிக்கொடுத்தவர் அவர். வேறு வழி இருக்கவில்லையா என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். இருந்தது. சொன்னார், நான் போய்ப் பார்க்கவில்லை என்று நான்கு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை.

"சொன்னதா ஞாபகம் இல்லை," என்றேன்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். "படிச்சவங்களுக்கு மறதி ஜாஸ்தி போல," என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாரத்தோடு அவருக்கு வேலை போயிற்று. அடுத்த மாதம் மரம் அனுப்புகிறவரைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். புதிதாக வந்த கட்டைகளில் சாய்வாகத் தழும்பு இருந்ததாகச் சொன்னார்கள். நான் அப்போதும் போய்ப் பார்க்கவில்லை.

கொட்டகையில் என்னைக் கேட்ட அன்று நீ வீட்டுக்கு வந்திருந்தாய். வனவியல் இரண்டாம் ஆண்டு. சாப்பிடும்போது நான் இதை ஆலையில் நடந்த ஒரு விநோதம்போலச் சொன்னேன். ஒரு பெண் தழும்பை வைத்தே மரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றால் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். நீ சோற்றில் கையை வைத்தபடி கேட்டாய்.

"அப்பா, அந்த அம்மா உங்ககிட்ட முன்னாடியே சொல்லலையா?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, ஊர்ப் பேச்சு மாறாமல் கேட்டாள். "இஞ்சாருங்கோ, பிள்ளை கேக்குது. ஏன் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறியள்?"

"ஞாபகம் இல்லை," என்றேன். அதே வார்த்தை. ஆலையில் சொன்னபோது இருந்த நடுக்கம்கூட இரண்டாம் முறை இல்லை.

நீ கை கழுவ எழுந்துவிட்டாய். அதற்கு முன்பு, வாரக் கடைசியில் வரும்போதெல்லாம் செய்தித்தாளுக்குள் இலைகளை மடித்துக் கொண்டுவந்து மேசையில் பரப்புவாய். எந்த மரம் எந்தக் குடும்பம் என்று எனக்குச் சொல்வாய். எனக்குப் பாதி புரியாது, கேட்டுக்கொண்டிருப்பேன். அதன் பிறகு இலைகள் வரவில்லை. பரீட்சை எப்போது, பஸ் எத்தனை மணிக்கு என்பதோடு நம் பேச்சு முடிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று வாரமும் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நம்மிடையே மரங்களைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதையும் நான்தான் கெடுத்துக்கொண்டேன். நீ எந்தக் காரணத்தால் விலகினாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை. இது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நானாக எல்லாவற்றையும் இதிலேயே கொண்டுவந்து கட்டுகிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. எப்படியானாலும், அவர் சொன்னார். எனக்கு ஞாபகம் இருந்தது. உன்னிடம் பொய் சொன்னேன்.

இரண்டாவது குறிப்புக்கு இப்போதுதான் வருகிறேன், வரிசை தவறிவிட்டது. உனக்கும் கோப்பு கொடுப்பார்கள். வரைபடம், மரங்களின் எண், வெட்ட அனுமதித்த வட்டாரம், எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒழுங்காக இருப்பதாலேயே நம்பிவிடாதே. வெட்டிய அடிமரத்தின் மேல் கையை வை. ஆற்றுக்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டியிருக்கிறார்கள் என்று நீயே நடந்து பார். அங்கே ரம்பம் பிடிக்கிறவர், சமைக்கிறவர், லோரி ஓட்டுகிறவர், யாராவது உன்னிடம் சொல்ல வருவார்கள். அவர்களிடம் காகிதம் எதுவும் இராது. சாப்பாட்டு நேரத்தில்தான் வருவார்கள். சோற்றை மூடிவிட்டு அவர்களோடு எழுந்து போ. என்னைவிட உனக்குத் தைரியம் அதிகம், அது அம்மாவின் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் கையெழுத்து அழகாக இருக்கிறவர்களுக்கு ஒரு சோம்பல் வரும். அது என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம்.

வீட்டு விவரங்கள். சமையலறைக் கூரை ஒழுகியது, ஆள் வைத்து அடைத்துவிட்டேன். பக்கத்து ரயில்வே நிலத்தில் பெரிய நிலையம் வரப்போகிறதாம். அரிசி இன்னும் ஒரு பிடி கூடத்தான் போடுகிறேன். அளவு கைக்கு வரவில்லை. வாசல் அழைப்பு மணி பழுதாகியிருக்கிறது. எத்தனை மாதமாக என்று சொல்லத் தெரியவில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், "அங்கிள், பெல் அடிக்கல, கத்திக் கத்தித் தொண்டை போச்சு" என்று சொன்ன பிறகுதான் தெரியும். மற்றபடி நலம்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. உறையில் போட்டு ஒட்டப் போனவன் ஒட்டவில்லை. உனக்கு எழுதிவிட்டேன், பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். யாருடைய வேலை போயிற்றோ அவருக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வியாழன். காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஆலை வாசலில் விசாரித்ததில், போர்ட் கிள்ளான் போகும் வழியில் ஓர் அடுக்குமாடியில் மகனோடு இருக்கிறார் என்றார்கள். மூன்றாவது மாடி. நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லேப் சாரா? இளைச்சுட்டீங்களே. அம்மா சாப்பாடு போடலையா?"

உன் அம்மா போய்விட்டதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டார். மருமகளைக் கூப்பிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார். ரயிலில் வரும்போது பேச வேண்டியதை நான்கு வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அவரைப் பற்றிய பக்கங்களை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "எங்கிட்ட நீட்டினா? நீங்களே படிங்க."

நின்றபடி படித்தேன். மருமகள் கதவருகே நின்று கேட்டார். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்திருந்தது. முத்திரை ரவுண்டா இருக்கு என்ற இடத்தில் பாக்கியம் சிரித்தார். அடுத்த வரியை, ஒரு முறை சொன்னார் என்பதைப் படித்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒரு தடவையா?"

"ஆமாம். சாப்பாட்டு நேரத்தில்."

"மூணு தடவ சார். சாப்பாட்டு நேரத்துல ஒண்ணு. அப்புறம் ஒரு சனிக்கிழம ஆலை கேட்டுல, மழை பேஞ்சுச்சு, நீங்க குடைய விரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீங்க. மூணாவது தடவ ஒரு கட்டையிலேருந்து பட்டைய உரிச்சு, துணியில சுத்தி எடுத்துட்டு வந்து உங்க மேசையில வச்சேன். 'இத எடுத்துட்டுப் போங்க, பேப்பர்ல தூசி விழுது'ன்னீங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கோப்பின் மேல் விழுந்த செந்நிறத் தூளை நான் ஊதித் தள்ளியது. ஊதிவிட்டுக் கையால் துடைத்தது. பட்டை இரண்டு கை அகலம் இருக்கும். அதில் ஒரு கோடும் இல்லை.

"மிச்சத்தையும் படிங்க சார்," என்றார் பாக்கியம். "இன்னும் என்னென்ன கொறச்சு எழுதியிருக்கீங்கன்னு பாப்போம்."

கடைசிவரை படித்தேன். திரும்பி வந்து, விளக்குப் போடும் நேரத்தில் இதை எழுதி முடிக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு. ஒரு முறை என்று நான் எழுதியிருக்கும் இடங்களை அடித்துத் திருத்தவில்லை. திருத்தினால், முதலிலிருந்தே நான் உண்மையை எழுதியதாக நீ நினைத்துக்கொள்வாய். அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

அப்பா